பீஸும் அடியும்: ராணிப்பேட்டைத் தோல் குடோனுக்கு மென்பொருள் அமைத்தல் – ஒரு நிகழ்வு ஆய்வு

கணக்குப் புத்தகத்தில் 285 சதுர அடி போயிருக்கும் (தோல் தொழிலில் ‘அடி’ என்றாலே சதுர அடிதான்). வண்டியில் 318½ அடி போயிருக்கும். இரண்டும் அதே 60 ஆட்டுத் தோல்தான். எண்ணிக்கை சரி, லாட் சரி, சலான் சரி; அடி மட்டும் சரியில்லை. தோல் குடோனுக்குக் கிடங்கு மேலாண்மை மென்பொருள் வாங்கி ஏமாந்தவர்களிடம் கேட்டால் கதை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்கும்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பழைய வடாற்காட்டில் பரவிக் கிடக்கும் தோல் தொழிலில் திரும்பத் திரும்ப வரும் நிலைமைகளை ஒரே குடோனுக்குள் வைத்துப் பார்க்கும் மாதிரி ஆய்வு இது. இதில் வரும் குடோன் அளவுகளும் விலையும் கணக்கை விளக்க எடுத்துக்கொண்டவை. சட்ட வரம்புகளும் தொழில்நுட்பச் செய்திகளும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

குடோனின் நிலை

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம், பச்சைத் தோலிலிருந்து ஃபினிஷ்டு வரை செய்யும் ஒரு டேனரி. குடோனில் நான்கு பகுதி: உப்பிட்ட பச்சைத் தோல், வெட் ப்ளூ (குரோமில் பதனிட்ட ஈரத் தோல்), க்ரஸ்ட் (பதனிட்டுக் காயவைத்தது) மற்றும் ஃபினிஷ்டு (மேற்பூச்சு முடிந்தது), கெமிக்கல். ஃபினிஷ்டு பகுதியில் மட்டும் சுமார் 3.5 லட்சம் சதுர அடி இருப்பு. பெரும்பகுதி ஆட்டுத் தோல், கொஞ்சம் மாட்டுத் தோல். ஷேவிங் (தடிமன் சீவுதல்), எம்பாசிங் (வடிவம் அழுத்துதல்) போன்ற சில வேலைகள் வெளியே ஜாப் ஒர்க்கில், அதாவது கூலிக்குச் செய்து தருபவரிடம், நடக்கின்றன. சரக்கு ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கும், சென்னைத் துறைமுகம் வழியாக வெளிநாட்டுக்கும் போகிறது.

இருப்பை மூன்று இடத்தில் எழுதுகிறார்கள். ஸ்டோர் கீப்பரின் நோட்டு, டெஸ்பாட்ச் பையனின் எக்செல், அக்கவுண்ட்ஸில் டேலி. மாதக் கடைசியில் மூன்றும் மூன்று பதில் சொல்லும். அதில் நோட்டுதான் உண்மைக்கு மிக அருகில் இருக்கும். சரக்கின் பக்கத்தில் நின்றுகொண்டு எழுதியது அது ஒன்றுதான். வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மென்பொருள் செய்ய வேண்டியதும் அதே வேலையைத்தான், அந்த நோட்டை சரக்கின் பக்கத்திலேயே வைத்திருப்பது.

அடி எங்கே வழுக்குகிறது

ஒரு லாட்டில் (ஒன்றாகப் பதனிட்ட தொகுதியில்) 400 தோல், மொத்தம் 1,900 அடி. சராசரி 4.75 அடி. பாதி மென்பொருள்கள் இதை இப்படித்தான் வாங்கிக்கொள்ளும்: ‘1 பீஸ் = 4.75 அடி’. மாற்று அலகு என்று அதற்கு ஒரு பெட்டி இருக்கும், விற்பவர் அதைக் காட்டி முடித்துவிடுவார்.

இப்போது ஒரு ஷூ கம்பெனி 60 தோல் கேட்கிறது. பெரிய தோலாகப் பார்த்துப் பொறுக்குகிறார்கள். வெட்டுவதில் சேதம் குறையும் என்பதால் கேட்பவரும் அதையே விரும்புவார். பின்புறம் அடித்த அளவு முத்திரையைக் கூட்டினால் 318½ அடி. மென்பொருள் கழித்தது 60 × 4.75 = 285. மீதி 340 தோல் 1,615 அடி என்று திரையில் நிற்கும். தரையில் இருப்பது 1,581½. வித்தியாசம் 33½ அடி. அடி 90 ரூபாய் என்றால் 3,015 ரூபாய். லாட் தீரும் வரை ஒவ்வொரு முறையும் பெரிய தோல் முதலில் போகும், சிறியது பின்தங்கும். கடைசி 50 தோலில் இல்லாத அடி எல்லாம் வந்து குவிந்திருக்கும். அதை ‘சுருக்கம்’ என்று எழுதி அடித்துவிடுவது வழக்கம். தோல் காய்ந்தால் அடி குறைவதும் ஈரக் காற்றில் கூடுவதும் உண்மைதான் என்பதால் அந்தப் பொய்யை யாரும் கேள்வி கேட்பதில்லை.

பீஸ் எண்ணிக்கையாவது நிலையானதா என்றால் அதுவும் இல்லை. முழு மாட்டுத் தோலை முதுகுக் கோட்டில் வெட்டினால் ஒன்று இரண்டு சைடு ஆகும். ஸ்ப்ளிட்டிங் எந்திரத்தில் போட்டால் மேல் தோலும் அடித் தோலும் பிரிந்து ஒரு லாட் இரண்டு லாட் ஆகும், விலையும் இரண்டு விதம். ஆகவே பீஸ், அடி இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கணக்கிடாமல் தனித்தனி அளவுகளாக, வரவு முதல் அனுப்புதல் வரை ஒவ்வொரு படியிலும் தூக்கிச் செல்லும் மென்பொருள்தான் இங்கே வேலைக்கு ஆகும். இறைச்சி, சீஸ் வணிகத்தில் இதே சிக்கல் எடையில் வருகிறது. அதற்காகப் பிறந்த வசதிக்கு ‘கேட்ச் வெயிட்’ என்று பெயர். தோலுக்கு அதை ‘கேட்ச் ஏரியா’ என்று வாசித்துக்கொள்ளலாம்.

தேர்வு

பெரிய நிறுவனங்களின் மென்பொருட்களில் இந்த வசதி உண்டு. சாப் ஈடபிள்யூஎம், மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸ் 365 ஆகியவற்றில் கேட்ச் வெயிட் இருக்கிறது, ஆரக்கிளில் இரட்டை அலகு இருக்கிறது. இருக்கிறது என்பதும் திறந்திருக்கிறது என்பதும் வேறு வேறு. எந்தப் பதிப்பு, எந்த உரிமம், ஹேண்ட்ஹெல்ட் (கையில் பிடிக்கும் ஸ்கேனர்) திரையிலும் இரண்டு அளவையும் கேட்குமா என்று எழுத்தில் வாங்க வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் இரண்டு பெட்டி காட்டிவிட்டு, ஸ்கேனர் திரையில் ஒரே பெட்டி வைத்திருப்பது நடக்கக்கூடியதுதான். ஈஆர்பிநெக்ஸ்ட், ஓடூ போன்ற திறமூலப் பொருட்களை எடுத்தால் அந்த இரண்டாவது அளவை எழுதிச் சேர்க்க வேண்டிவரும். அது தவறில்லை, ஆனால் பதிப்பு மேம்படுத்தும் ஒவ்வொரு முறையும் சேர்த்த பகுதியைச் சோதிக்க யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

தோலைப் பதிவதற்கு மூன்று வழி உண்டு. சராசரி வழி மேலே பார்த்தது, அது வேண்டாம். ஒவ்வொரு தோலுக்கும் தனி எண் கொடுப்பது இரண்டாவது. துல்லியம் முழுமை, ஆனால் 400 தோலுக்கு 400 டேக், 400 ஸ்கேன். விலை உயர்ந்த மாட்டு சைடுகளுக்குப் பொருந்தும், ஆட்டுத் தோலுக்குக் கூலி கட்டாது. மூன்றாவது, கட்டுக்கு ஒரு டேக். 10 தோல் ஒரு கட்டு, டேக்கில் கட்டு எண், பீஸ் 10, அடி 47¼. கட்டு பிரிந்தால் இரண்டு புது டேக். இரண்டின் பீஸும் அடியும் கூடி பழைய டேக்கின் அளவுக்குச் சரியாக வராவிட்டால் மென்பொருள் சேமிக்க மறுக்க வேண்டும். இந்தக் குடோனில் ஆட்டுத் தோலுக்கு மூன்றாவதும், மாட்டுத் தோலுக்கு இரண்டாவதும். ஒரே மென்பொருளில் இரண்டும் ஓட வேண்டும் என்பதால் பட்டியலில் இருந்த சில பொருட்கள் இங்கேயே உதிர்ந்துவிடும்.

டெமோவை விற்பவரின் மாதிரித் தரவில் பார்ப்பதால் பயனில்லை. அவர்களுடைய குடோனில் எப்போதும் ஷாம்பு பாட்டில்தான் இருக்கும், ஒரு பெட்டிக்கு 24, எல்லாம் பொருந்தும். சொந்த லாட் ஒன்றின் தரவை முன்கூட்டியே கொடுத்து, எதிரிலேயே செய்து காட்டச் சொல்ல வேண்டும். 400 தோலை 40 கட்டாக வரவு வை. ஒரு கட்டிலிருந்து 3 தோல் எடு, இரண்டு டேக்கும் வரட்டும். 200 தோலை ஜாப் ஒர்க்குக்கு அனுப்பு. 197 வேறு அடியோடு திரும்பி வருகிறது, பாக்கி 3 எங்கே தெரிகிறது? மூன்றாம் செலக்ஷனில் (தரத்தில்) இருந்த கட்டை நான்காம் செலக்ஷனுக்கு இறக்கு, யார் எப்போது இறக்கினார் என்று காட்டு. ஒரே நிறத்தில் இரண்டு லாட்டை ஒரு ஆர்டரில் கலந்து போடு. ஷேடு மாறும் என்று தடுக்கிறதா பார்ப்போம். கடைசியாக, ஸ்கேன் செய்துகொண்டிருக்கும்போதே வைஃபையை அணை. திரும்ப வந்ததும் அந்தக் கட்டு ஒரு முறை பதிந்திருக்கிறதா, இரண்டு முறையா, பதியவே இல்லையா?

“அதெல்லாம் கஸ்டமைசேஷன்ல பண்ணிடலாம் சார்” என்று பதில் வரும் இடம் ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் வேலை, எவ்வளவு பணம் என்று ஒப்பந்தத்தின் இணைப்பில் எழுதி வாங்க வேண்டும். அந்த வரிகள் பத்தைத் தாண்டினால் அது வாங்கும் பொருள் இல்லை, புதிதாக எழுதும் பொருள்.

ஐட்டம் மாஸ்டர்

ஐட்டம் மாஸ்டர் என்பது சரக்கு வகைகளின் கோடுப் பட்டியல். இந்த வேலையில் அதிக நாள் தின்பது இதுதான், அதிகம் அவசரப்படுத்தப்படுவதும் இதுதான். 40 ஆர்ட்டிகிள் (தோல் ரகம்), 15 நிறம், 5 தடிமன், 6 செலக்ஷன் என்று எல்லாவற்றையும் ஐட்டம் கோடில் திணித்தால் 18,000 கோடு வர இடமுண்டு. செலக்ஷனை கோடிலிருந்து எடுத்து லாட்டின் பண்பாக வைத்தால் அது 3,000 ஆகச் சுருங்கும். அதிலும் உண்மையில் ஓடுவதை மட்டும் திறந்தால் போதும். செலக்ஷன் என்பது ஒருவர் கண் பார்த்துச் சொல்வது, அடுத்தவர் பார்த்து மாற்றுவது. மாறுகிற ஒன்றைக் கோடில் வைத்தால் ஒவ்வொரு மாற்றமும் ஒரு ஐட்டத்தை அழித்து இன்னொன்றை உண்டாக்கும் பதிவாகிவிடும்.

இதற்கு நேர் எதிர், பதனிட்ட நிலை. வெட் ப்ளூ, க்ரஸ்ட், ஃபினிஷ்டு ஆகியவற்றைப் பண்பாக வைக்கக் கூடாது, தனித்தனி ஐட்டமாகத்தான் வைக்க வேண்டும். காரணம் ஹெச்எஸ்என், அதாவது வரிக்காகச் சரக்கை வகைப்படுத்தும் எண். வெட் ப்ளூவும் க்ரஸ்டும் மாட்டுத் தோலுக்கு 4104, செம்மறிக்கு 4105, வெள்ளாட்டுக்கு 4106. ஃபினிஷ்டு ஆனதும் அதே தோல் 4107, 4112, 4113 என்று மாறுகிறது. நிலையைப் பண்பாக வைத்த குடோனில் க்ரஸ்ட் சரக்கு ஃபினிஷ்டு ஹெச்எஸ்என்னோடு இன்வாய்ஸ் ஆகும்; அது தெரியவரும்போது ஜிஎஸ்டி ரிட்டர்ன் போய்ச் சேர்ந்திருக்கும்.

லாட் எண்ணில் அறிவைத் திணிக்கும் ஆசையையும் விட்டுவிடலாம். வெறும் ஓடும் எண் போதும். எந்தப் பச்சைத் தோல் வரவிலிருந்து இந்த லாட் வந்தது என்ற சங்கிலி மட்டும் மென்பொருளில் உடையாமல் இருக்க வேண்டும். டேனரிகளின் சுற்றுச்சூழல் நடைமுறையைத் தணிக்கை செய்யும் லெதர் ஒர்க்கிங் குரூப், தோல் எங்கிருந்து வந்தது என்ற பின்வழியைக் கேட்கும். ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கில், உடலில் படும் தோல் பொருட்களில் குரோமியம்-VI (தீங்கான குரோமிய வடிவம்) ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்ற வரம்பு 2015 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆய்வக அறிக்கை லாட்டோடு ஒட்டியிருந்தால் கேட்ட அன்றே எடுத்துக் கொடுக்கலாம்.

4² என்றால் என்ன

அளக்கும் எந்திரம் அல்லது கை முத்திரை தோலின் பின்புறம் 4² என்று போட்டிருக்கும். தொழிலில் ஊறியவருக்கு அது நாலரை அடி. மேலே சின்னதாக நிற்கும் எண் கால் அடிகளைக் குறிக்கிறது: 4¹ என்றால் நாலேகால், 4³ என்றால் நாலேமுக்கால். புதிதாக வந்த டேட்டா என்ட்ரி ஆள் இதை 4.2 என்று அடிப்பார். யாரும் தப்பு என்று சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் 4.2 பார்க்க நியாயமான அளவு.

முழு, கால், அரை, முக்கால் நான்கும் சமமாக வந்தால் ஒரு தோலுக்குச் சராசரியாக 0.225 அடி விட்டுப்போகும். 400 தோல் லாட்டில் 90 அடி. 1,900க்கு அது ஏறக்குறைய 4.7 சதவீதம். சுருக்கம் என்று எழுதி அடிக்க இதுவும் போய்ச் சேரும்.

தீர்வு எளியது: ஹேண்ட்ஹெல்ட் திரையில் புள்ளி விசையே வேண்டாம். முழு அடிக்கு எண் விசைகள், பக்கத்தில் 0, ¼, ½, ¾ என்று நான்கு பெரிய பொத்தான். உள்ளே 4.50 என்று சேமிக்கட்டும், கண்ணுக்கு 4½ என்று காட்டட்டும். மொத்தச் செலவிலேயே மலிவானதும் அதிகம் மிச்சப்படுத்துவதும் இந்தப் பொத்தான்கள்தாம். அளக்கும் எந்திரத்தில் சீரியல் போர்ட் இருந்தால் அளவை நேராக மென்பொருளுக்கு எடுத்துவிடலாம், அடிக்கும் வேலையே மிச்சம். சதுர மீட்டரில் கேட்கும் வாடிக்கையாளருக்கு 1 சதுர மீட்டர் = 10.764 சதுர அடி என்ற மாற்றத்தை இன்வாய்ஸில் மட்டும் செய்ய வேண்டும். கட்டு வாரியாக மாற்றி முழுமையாக்கிக் கூட்டினால் பேக்கிங் லிஸ்ட்டும் இன்வாய்ஸும் சில்லறையில் ஒத்துப்போகாது.

டேக், பிரிண்டர், வைஃபை

ஃபினிஷ்டு தோலின் முகப்பில் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. உரிக்கும்போது ஃபினிஷ் சேர்ந்து உரிந்து வரும். ஸ்டேப்ளர் முள்ளும் ஆகாது. ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்கும், வெஜிடபிள் டேன் ஏறிய தோலில் அது கருநீலக் கறையாகப் பதிந்துவிடும். கட்டுக்கு நூல் கட்டிய தொங்கு டேக்தான் சரி. வெட் ப்ளூ பேலட்டுக்குக் காகிதம் நிற்காது; பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரோப்பிலீன் டேக், ரெசின் ரிப்பனில் அச்சடித்தது வேண்டும். ரிப்பன் இல்லாத நேரடி தெர்மல் லேபிள் விலை குறைவு என்று வாங்கினால், 40 டிகிரி தாண்டும் வேலூர் வெயிலில் தகரக் கூரைக்கடியில் அது கறுத்தும் வெளுத்தும் போகும். ஃபேட்லிக்கர் (தோலை மென்மையாக்கும்) எண்ணெய்க் கை பட்டால் இன்னும் சீக்கிரம். பஃபிங்கில் (தோலைத் தேய்த்து மெருகேற்றுவதில்) பறக்கும் தூள் பிரிண்டர் ஹெட்டில் படியும் இடத்தில், ரோல் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஹெட்டைத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் க்யூஆர் குறியீட்டில் வெள்ளைக் கோடு விழுந்து ஸ்கேன் ஆகாது, பழி ஸ்கேனர் மேல் விழும்.

வைஃபை சர்வேயைக் காலியான குடோனில் எடுத்தால் அழகான படம் கிடைக்கும். வெட் ப்ளூவில் பாதிக்கு மேல் தண்ணீர். ஆள் உயரம் அடுக்கிய பேலட் வரிசை ரேடியோ அலையை விழுங்கிவிடும். பக்ரீத் முடிந்து தோல் குவிந்திருக்கும் வாரங்களில், சந்துகள் நிரம்பி இருக்கும்போது அளக்க வேண்டும். ஸ்கேனர் பிடிக்கும் கை இருக்கும் உயரத்தில் சிக்னல் வலிமை −67 டிபிஎம் கிடைக்கிறதா என்பதுதான் அளவு. கூரை உயரத்தில் கிடைப்பது எதற்கும் உதவாது.

பின் (bin, சரக்கு வைக்கும் இடம்) ஒவ்வொன்றுக்கும் தரும் முகவரி சின்னதாக இருக்கட்டும்: வரிசை, ரேக், தட்டு, இடம் என்று ‘சி-03-2-04’. மேல் தட்டின் முகவரியையும் கண் மட்டத்தில் ஒட்டி நிறத்தால் பிரித்தால் ஏணி வேண்டியதில்லை. வெட் ப்ளூவை ரேக்கில் ஏற்ற வேண்டாம். சொட்டும் குரோம் நீர் கீழ்த்தட்டுச் சரக்கைக் கெடுக்கும். தரையிலேயே கட்டம் போட்டு எண் கொடுத்தால் போதும். பூஞ்சை பிடிக்கவும் ஓரம் காயவும் வாய்ப்புள்ள சரக்கு என்பதால், வெட் ப்ளூ லாட்டுக்கு வயது எச்சரிக்கை கட்டாயம்.

வெளியே போன தோல்

ஜாப் ஒர்க்கர் ஒவ்வொருவரையும் மென்பொருளில் ஒரு இடமாகவே திறக்க வேண்டும். சரக்கு அங்கே போனால் இருப்பிலிருந்து கழியக் கூடாது, இடம் மட்டும் மாற வேண்டும். திரும்பும்போது பீஸ் ஒத்துப்போகும், அடி ஒத்துப்போகாது: டாகிளிங்கில் (சட்டத்தில் இழுத்துப் பிடித்துக் காயவைப்பதில்) இழுத்தால் கூடும், ட்ரிம்மிங்கில் (ஓரம் வெட்டுவதில்) குறையும். ஆகவே பாக்கியைப் பீஸில் பிடித்து, அடி வித்தியாசத்தை வேலை வகை வாரியாகத் தனியே சேர்த்துக்கொண்டே வர வேண்டும். எம்பாசிங்குக்குப் போய்வரும் தோல் ஒருவரிடம் மட்டும் தொடர்ந்து அதிகம் குறைகிறதா என்று அப்போதுதான் தெரியும்.

ஜிஎஸ்டியில் ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும், அல்லது அங்கிருந்தே முறைப்படி விற்பனையாக வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகி வரியும் வட்டியும் வரும். கடிகாரம் ஒவ்வொரு சலானுக்கும் தனித்தனியாக ஓடுவதால், எச்சரிக்கையும் சலான் வரி வாரியாக 300ஆவது நாளில் அடிக்க வேண்டும். ஜாப் ஒர்க் சரக்கை ஜிஎஸ்டிக்குத் தெரிவிக்கும் ஐடிசி-04 படிவத்துக்கான விவரம் இதே பதிவிலிருந்து வரட்டும். ஆண்டு வியாபாரம் 5 கோடிக்கு மேல் என்றால் அது அரையாண்டுக்கு ஒரு முறை, மற்றவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை.

வண்டியில் போகும் சரக்குக்கு ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் ஈ-வே பில்லில் இந்த ஊருக்கென்று ஒரு கண்ணி உண்டு. தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடும் சரக்குக்கு 1 லட்சம் ரூபாய் வரை ஈ-வே பில் தேவையில்லை, மாநிலம் தாண்டினால் வரம்பு 50,000. ஆனால் வேறு மாநிலத்து ஜாப் ஒர்க்கருக்கு அனுப்பினால் மதிப்பு எவ்வளவானாலும் ஈ-வே பில் கட்டாயம். ஆந்திராவின் சித்தூர் பக்கம் கொஞ்ச தூரம்தான், பத்து தோல்தானே என்று வெறும் சலானோடு வண்டி போகும். மென்பொருளில் விதியை மதிப்பை வைத்து மட்டும் எழுதியிருந்தால் அது தடுக்காது. அனுப்பும் காரணம், சேரும் மாநிலம், மதிப்பு மூன்றையும் பார்த்துத்தான் வாசல் திறக்க வேண்டும்.

கெமிக்கல் ஸ்டோர்ஸ்

இதில் அடிச் சிக்கல் இல்லை. காலாவதி முந்துவது முதலில் போக வேண்டும், திறந்த பையின் மீதியை எடை போட்டுத் திரும்ப வைக்க வேண்டும். ஒரே ஒரு விதியை மட்டும் யாரும் மீறி வைக்க முடியாதபடி பூட்ட வேண்டும்: சோடியம் சல்பைடும் அமிலங்களும் ஒரே சந்தில் சேரக் கூடாது. இரண்டும் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். அது ஆளைக் கொல்லும். பின்னுக்கு ‘அமிலம்’, ‘சல்பைடு’ என்று வகை கொடுத்து, பொருந்தாத வகையை ஸ்கேன் செய்தால் திரை நின்றுவிட வேண்டும். ‘சூப்பர்வைசர் அனுமதியோடு தொடரவும்’ என்ற பொத்தான் இங்கே இருக்கக் கூடாது.

டேலியோடு இணைப்பு

எது எதற்கு எஜமான் என்று முதல் நாளே எழுதிக்கொள்ள வேண்டும். பீஸ், அடி, இடம், லாட் எல்லாம் குடோன் மென்பொருளுக்கு. மதிப்பு டேலிக்கு; அடி மொத்தம் குடோன் மென்பொருளிலிருந்து அங்கே போவது மட்டும்தான். டேலியில் யாரும் நேராக ஸ்டாக் ஜர்னல் (இருப்பை மாற்றும் பதிவு) போடக் கூடாது. போட்டால் அன்றிலிருந்து இரண்டு உண்மை.

டேலி எக்ஸ்எம்எல் வடிவில் வவுச்சரை வாங்கிக்கொள்ளும், வழக்கமாக 9000 போர்ட்டில். சிக்கல் இடையில் நெட் விழும்போது வரும். வவுச்சர் போய்ச் சேர்ந்துவிட்டது, பதில் மட்டும் வரவில்லை; குடோன் மென்பொருள் தோல்வி என்று நினைத்து மறுபடி அனுப்புகிறது; ஒரே டெஸ்பாட்ச் இரண்டு முறை பதிகிறது. அனுப்பும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் மாறாத ஒரு எண் கொடுத்து, அந்த எண் டேலியில் ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்ட பிறகே மறுபடி அனுப்ப வேண்டும். தினமும் மாலையில் இரு பக்கத்து ஆவண எண்ணிக்கையும் அடி மொத்தமும் ஒரு தாளில் வரட்டும். ஆண்டு வியாபாரம் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் ஈ-இன்வாய்ஸ் கட்டாயம். அதை டேலியிலிருந்தே எடுப்பது நல்லது, இரண்டு இடத்திலிருந்து எடுக்கும் ஏற்பாடு வேண்டாம்.

மாறும் நாள்

‘ஒரு ஞாயிற்றுக்கிழமை குடோனை மூடி எண்ணிவிடலாம்’ என்று திட்டத்தில் எழுதியிருப்பார்கள். கணக்குப் பார்ப்போம். 3.5 லட்சம் அடியை 4.75ஆல் வகுத்தால் சுமார் 73,700 தோல், 10 வீதம் 7,370 கட்டு. ஒரு கட்டை எண்ணி, பத்து முத்திரையையும் அடித்து, டேக் அச்சிட்டுக் கட்ட 4 நிமிடம் என்றாலும் 491 மணி நேரம். ஆறு குழு, நாளுக்கு 7 மணி நேரம் என்றால் ஒரு நாளில் 42 மணி வேலை. ஆக பன்னிரண்டு நாள்.

ஆகவே டேக் கட்டும் வேலையை முன்கூட்டியே சந்து சந்தாக முடிக்க வேண்டும். டேக் கட்டி முடித்த சந்துக்கு மஞ்சள் கயிறு. கயிறு கட்டிய சந்திலிருந்து எடுப்பதெல்லாம் ஸ்கேன் செய்துதான். கடைசி ஞாயிறு அன்று டேக்கை மட்டும் ஸ்கேன் செய்து சரிபார்த்தால் போதும், அது ஒரு நாளில் முடியும். எண்ணுபவரின் திரையில் கணக்கு இருப்பு தெரியக் கூடாது. தெரிந்தால் கண் அதையே எண்ணும்.

முத்திரை அழிந்த தோல், லாட் தெரியாத கட்டு, யாருக்கோ ஒதுக்கி மறந்த ரோல் எல்லாம் இந்த நாட்களில் வெளியே வரும். அவற்றை ஊகித்து ஏதோ ஒரு லாட்டில் சேர்த்தால் புது மென்பொருள் முதல் நாளே அழுக்கு. ‘விசாரணை’ என்று ஒரு நிலை கொடுத்து, விற்க முடியாதபடி வைத்து, அளக்கும் எந்திரம் காலியாக இருக்கும் நேரத்தில் மறுபடி அளந்து விடுவிக்க வேண்டும்.

மாறும் வாரத்தைக் காலண்டர் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். பக்ரீதுக்குப் பின் வரும் வாரங்கள் ஆகாது, பச்சைத் தோல் வண்டி வண்டியாக வரும். ரமலானில் நோன்பு இருக்கும் ஆட்களை வைத்து எண்ணிக்கை எடுப்பது முறையில்லை, தப்பும் கூடும். பொங்கலை ஒட்டி ஆள் பாதி ஊருக்குப் போயிருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக நடுப்பகலில் வேலை நிற்கும் என்பதைப் பயிற்சி அட்டவணை போடும் சென்னை, பெங்களூரு ஆட்களுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

முதல் வாரங்கள்

முதலில் உடைவது சாம்பிள். “பாய், ரெண்டு தோல் சாம்பிளுக்கு எடுத்துக்கிறேன், அப்புறம் போட்டுக்குங்க” என்று மெர்ச்சண்டைசர் போய்விடுவார். ‘அப்புறம்’ வரவே வராது. அவரைத் திட்டிப் பயனில்லை. ஐந்து திரை தாண்டிப் பதிய வேண்டிய வேலையை யாரும் செய்ய மாட்டார்கள். டேக்கை ஸ்கேன் செய், எத்தனை பீஸ், எத்தனை அடி, யாருக்கு என்று ஒரே திரையில் முடிய வேண்டும். மீதிக் கட்டின் டேக் அங்கேயே அச்சாக வேண்டும். இரண்டு டேக் பிரிண்டர் வாங்கும் குடோனில் ஒன்றை சாம்பிள் மேசைக்குப் பக்கத்தில் வைப்பது இதனால்தான்.

அடுத்தது, மென்பொருளே இடம் சொல்லும் வசதியை முதல் நாளே திறந்துவிடுவது. எந்த ஆர்ட்டிகிள் வேகமாக ஓடுகிறது என்ற தரவு இன்னும் அதனிடம் இல்லை. இருந்தும் கறுப்பு ஷூ அப்பரைக் கடைக்கோடிக்கு அனுப்பும்; ஆட்கள் சிரித்துவிட்டு வழக்கமான இடத்தில் வைப்பார்கள்; திரையில் ஒன்று, தரையில் ஒன்று. முதல் எட்டு வாரம் ஆள் தேர்ந்தெடுத்த இடத்தை ஸ்கேன் செய்து உறுதிப்படுத்தினால் போதும். அந்த எட்டு வாரப் பதிவைப் பார்த்து, பழைய மேஸ்திரி ஏன் அங்கே வைத்தார் என்று கேட்டு, பிறகு விதி எழுதலாம். பாதி விதி அவர் தலையில் ஏற்கெனவே இருக்கும்.

நெகட்டிவ் இருப்பை (கணக்கில் இல்லாததை அனுப்பி, இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போவதை) அனுமதிக்கும் அமைப்பை அணைத்தே வைக்க வேண்டும். ‘கண்டெய்னர் நிற்கிறது, இப்போதைக்குத் திறந்து விடுங்கள்’ என்ற அழுத்தம் முதல் வாரமே வரும். திறந்தால் எந்தக் கட்டு போனது என்பது தெரியாமலே இன்வாய்ஸ் ஆகும். கண்டெய்னர் நிற்கும்போது செய்யக்கூடியது, டேக் இல்லாத கட்டை அங்கேயே அளந்து வரவு வைத்து உடனே அனுப்புவது. பத்து நிமிடம் கூடும்.

தினசரி எண்ணிக்கைக்கு நாளுக்கு 40 பின் என்று வைத்துக்கொண்டால் வேகமாக ஓடும் சந்துகள் மாதம் ஒரு முறையாவது சுற்றி வரும். பீஸில் வித்தியாசம் பூஜ்யம்தான், ஒன்று குறைந்தாலும் தேட வேண்டும். அடியில், மறுபடி அளந்தால் மட்டும், ஒரு சதவீதம் வரை காற்று ஈரத்துக்கு விட்டுவிடலாம். முத்திரையைக் கூட்டி எண்ணும்போது அந்தச் சலுகையும் கிடையாது, ஏனென்றால் முத்திரை சுருங்காது. வடகிழக்குப் பருவமழை மாதங்களின் மறு அளவையும் மே மாத மறு அளவையும் தனித்தனியாகச் சேர்த்து வைத்தால், அடுத்த ஆண்டு அந்த ஒரு சதவீதத்தைக் குடோனின் சொந்த எண்ணால் மாற்றி எழுதிக்கொள்ளலாம்.